குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தனியாக நிதி கேட்பது நியாயமா?

கேள்வி, 2 செப்டம்பர் 2024

அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் குழந்தைகளுடையது நூற்றில் ஒன்றுகூட இல்லை என்று படித்தேன். ஆனால் செப்டம்பர் பிறந்தால் போதும், தங்க நிற ரிப்பனும் மொட்டைத் தலைக் குழந்தையின் படமும் எங்கே பார்த்தாலும் வந்துவிடுகின்றன. இரக்கத்தை வைத்துப் பணம் கேட்பது போல எனக்குப் படுகிறது. பெரியவர்களுக்காக நடக்கும் ஆராய்ச்சியின் பலன் எப்படியும் குழந்தைகளுக்கும் வந்து சேரும்தானே? தனி நிதி எதற்கு?

பதில், 2 செப்டம்பர், இரவு

தானாக வந்து சேராது. என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது, லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. இப்போது பதினேழு, நன்றாக இருக்கிறாள். அந்த வார்டில் இருந்த காலத்திலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகளுக்கு வருவது பெரியவர்களுக்கு வரும் நோயின் சின்ன அளவு இல்லை. பெரியவர்களுக்கு அதிகம் வருவது நுரையீரல், மார்பகம், குடல், புரோஸ்டேட். பல ஆண்டு புகை, வயது, செல்களில் சேர்ந்த சேதம் எல்லாம் அதில் இருக்கும். குழந்தைக்கு வருவது லுக்கீமியா, மூளைக் கட்டி, முதிராத நரம்புச் செல்லில் நியூரோபிளாஸ்டோமா, சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா. உடல் வளரும்போது ஒரு செல் முதிராமல் பாதியிலேயே நின்றுபோய்ப் பெருகுவதால் வருபவை இவற்றில் பல. மரபணு மாற்றங்களும் குறைவு. அதனால் பெரியவர்களின் நுரையீரல் கட்டிக்குப் பல நூறு கோடி செலவழித்துக் கண்டுபிடித்த மருந்து ஒரு குழந்தையின் மூளைக் கட்டியைத் தொடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்புறம் சந்தை. ஒரு வகை நோய்க்கு ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகள் என்றால், அதற்காக மருந்து கண்டுபிடிக்க எந்த நிறுவனமும் தானாக முன்வராது. அதற்காக அவர்களை நான் திட்டவும் மாட்டேன், கணக்கு அப்படி. கணக்கு ஒத்துவராத இடத்தில் பொதுப் பணம் வர வேண்டும். நாங்கள் கேட்பது அதைத்தான்.

3 செப்டம்பர்

நேற்று எழுதியதை இன்று படித்தால் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. பெரியவர்களின் ஆராய்ச்சியிலிருந்து எதுவுமே வராது என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருகிறது. ஆனால் தாமதமாக வருகிறது, யாராவது இழுத்துக்கொண்டு வந்தால்தான் வருகிறது. யார் இழுப்பது, யார் செலவில் என்பதைத்தான் பேச வேண்டும்.

9 செப்டம்பர்

இன்னொருவர் அந்த 4 சதவீதக் கணக்கைக் கேட்டிருக்கிறார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் 4 சதவீதம்தான் குழந்தைகளுக்குப் போகிறது என்ற வாசகம் பல வருடங்களாகப் பதாகைகளில் ஓடுகிறது. நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அந்த எண்ணில் அடங்குவது குழந்தைப் புற்றுநோய் என்று பெயரிட்டுக் கொடுக்கப்பட்ட நிதி. அந்த நிறுவனத்தின் பணத்தில் பெரும் பகுதி எந்த உறுப்பின் பெயரும் இல்லாத அடிப்படை ஆராய்ச்சிக்குப் போகிறது. செல் எப்படிப் பிரிகிறது, நோய் எதிர்ப்புச் செல் எதைப் பார்த்துத் தாக்குகிறது என்பது போன்றவை. அதன் பலன் குழந்தைக்கும் உண்டு. நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு நான்கு சதவீதம் கிடைக்கிறதே என்று யாராவது திருப்பிக் கேட்டால், அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். எனக்கு அப்படி விழுந்தது. நாளை எழுதுகிறேன், இப்போது நேரமில்லை.

10 செப்டம்பர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெற்றோர் குழுவிலிருந்து நாலு பேர் ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனோம். நான்தான் பேசினேன். சதவீதத்தைச் சொன்னேன், படங்களைக் காட்டினேன், என் கதையைச் சொல்லும்போது அழுதும்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அம்மா, நாளைக்கே இரண்டு மடங்கு பணம் கொடுத்தால் முதல் வேலையாக எதைச் செய்வீர்கள்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நிறைய ஆராய்ச்சி, புது மருந்து என்று ஏதோ சொன்னேன். அவர் குறிப்பு எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எழுதாமலே மூடிவிட்டார்.

அந்தப் பேனா மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

21 செப்டம்பர்

படத்தைக் காட்டிப் பணம் கேட்பது தப்பா என்பதுதான் முதல் கேள்வியின் உள்ளே இருப்பது. அதற்கு ஒரு பழைய கதை.

1948 மே மாதம் பாஸ்டனில் ஒரு மருத்துவமனை அறையிலிருந்து அமெரிக்கா முழுவதும் கேட்கும் வானொலி ஒலிபரப்பு நடந்தது. பன்னிரண்டு வயதுப் பையன், பண்ணைக் குடும்பம், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பெயரை மறைக்க "ஜிம்மி" என்றார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணி வீரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். 20,000 டாலர் சேர்ந்தால் அவனுக்கு ஒரு டெலிவிஷன் என்று அறிவித்தார்கள். 2 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. ஜிம்மி நிதி அப்படித்தான் ஆரம்பித்தது, அதன் பின்னால் இருந்தவர் டாக்டர் சிட்னி ஃபார்பர். ஜிம்மி இறந்துவிட்டான் என்றே பல பத்தாண்டுகள் எல்லோரும் நினைத்தார்கள். 1998-இல்தான் வெளியே தெரிந்தது: ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி ஓட்டுநர், உயிரோடு இருந்தார், பேரன் பேத்திகளோடு.

ஒரு குழந்தையின் முகம் பணத்தைக் கொண்டுவந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஃபார்பருக்குத் தெரிந்திருந்தது. முகமும் வேண்டும், திட்டமும் வேண்டும். எங்களிடம் முகம் மட்டும் இருந்தது.

5 அக்டோபர்

ரிப்பன் மாதம் முடிந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. நான் எழுத நினைத்ததை இனிமேல்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

ஆராய்ச்சி என்றால் புது மருந்து என்றுதான் நானும் பல வருடம் நினைத்தேன். என் மகள் பராமரிப்புக் கட்டத்தில், எங்கள் வார்டில் எல்லோரும் மெயின்டனன்ஸ் என்று சொல்வோம், தினமும் இரவு விழுங்கியது மெர்காப்டோபியூரின். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கி 1953-இல் அனுமதி பெற்ற மருந்து. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். அது இன்னும் பழசு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் தன் குழுவோடு அந்த வரிசை மருந்துகளைச் செய்தார். அவர் அனுப்பிய அமினோப்டெரினைத்தான் ஃபார்பர் லுக்கீமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது என்று 1948-இல் எழுதினார். பின்வாங்கியது, பிறகு திரும்பி வந்தது. சுப்பாராவ் அதே வருடம் இறந்துபோனார். பெரிய பரிசு எதுவும் அவருக்கு வரவில்லை. அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது மகளின் சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது, வின்கிரிஸ்டின். நித்திய கல்யாணிச் செடியிலிருந்து வருகிறது. அந்தச் செடி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கப் போனவர்கள், சர்க்கரை குறையாமல் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். 1963-இல் மருந்தாக அனுமதி.

அதாவது 1960-களிலேயே முக்கியமான மருந்துகள் கையில் இருந்தன. அப்போதும் குழந்தைகள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு மாறியது எது? சேர்த்துக் கொடுக்கும் முறை. எந்த வரிசையில், எத்தனை நாள், எவ்வளவு அளவு, மூளையில் ஒளிந்திருக்கும் செல்லை எப்படிப் பிடிப்பது. ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்களும் நாலு மருந்தை ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் டொனால்ட் பிங்கல் 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் முழுச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்தி, பாதிக் குழந்தைகளைக் குணமாக்க முடியும் என்று காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனையாக, பல மருத்துவமனைகள் சேர்ந்து, இங்கே ஒரு மருந்தைக் கூட்டி அங்கே கதிர்வீச்சைக் குறைத்து, இன்று நல்ல வசதி உள்ள நாடுகளில் இந்த நோயில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இதில் எந்தக் கம்பெனிக்கும் பெரிய லாபம் இல்லை, எல்லாம் காப்புரிமை தீர்ந்த மருந்துகள். பொதுப் பணமும் நன்கொடையும் இல்லாமல் ஒரு படிகூட நகர்ந்திருக்காது.

என் மகளைக் குணமாக்கியது அந்தச் சோதனைகளில் இருந்த குழந்தைகள். பிழைத்தவர்களும், பிழைக்காதவர்களும்.

6 அக்டோபர்

நேற்று எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். "அம்மா, நான் சாப்பிட்ட மாத்திரை தாத்தாவைவிடப் பெரியதா வயசில்?" என்றாள். ஆமாம், ஒரு வயது மூத்தது.

12 அக்டோபர்

இரவு மாத்திரையைப் பற்றி இன்னொன்று. மெயின்டனன்ஸ் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ரத்த அணுக்களின் கவுண்ட் அடியோடு இறங்கும். மருந்தை நிறுத்துவார்கள், ஏறும், மறுபடி கொடுத்தால் மறுபடி இறங்கும். காய்ச்சல், ஆன்டிபயாடிக், தனி அறை. நான் மாத்திரையைத் தப்பாகக் கொடுக்கிறேனோ என்று சந்தேகத்தில் ஒரு டாக்டர் என்னை மூன்று முறை கேட்டார். நானே என்னைச் சந்தேகப்பட்டேன். அட்டையில் மிச்சத்தை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் 2012-இல்.

2015-இல் ஒரு ஆய்வு வந்தது. என்யூடிடி15 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் இந்த மருந்தை உடல் தாங்காது, அளவை நன்றாகக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆசிய மரபினரிடம் அது அதிகம் காணப்படுகிறது. பிறகு ஒரு முறை பரிசோதித்தபோது அவளுக்கும் அது இருந்தது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது இல்லை.

அறுபது வருடப் பழைய மாத்திரையின் அளவை ஆராய யார் பணம் தருவார்கள்? எந்த வியாபாரிக்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு பரிசோதனை செய்து அளவைத் தீர்மானிக்க முடிகிறது. அந்த அதிகாரி இன்று கேட்டால் என் முதல் பதில் இதுதான்: பழைய மருந்துகளின் சரியான அளவுக்கு நிதி கொடுங்கள்.

28 அக்டோபர்

இரண்டாவது பதில், பிழைத்த பிறகு.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் கல்லீரல் கட்டியோடு ஒரு சின்னப் பையன் இருந்தான். சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள், கட்டி போனது, பையன் பிழைத்தான். காது போனது. முழுச் செவிடு இல்லை, மேல் சுருதி ஒலிகள் கேட்காது. பறவைச் சத்தம், ஸ என்ற எழுத்து, வகுப்பின் பின்பக்கத்திலிருந்து டீச்சர் சொல்வது. பேச்சு பழகும் வயதில் அது போனால் பேச்சும் தடுமாறும். அவன் அம்மா ஒருநாள் என்னிடம், "உயிர் கிடைத்ததற்கு நன்றி சொல்லாமல் காதைப் பற்றி அழுவது பேராசையா?" என்று கேட்டாள். பேராசை இல்லை. அன்றைக்கு அதை அவளிடம் அழுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சோடியம் தயோசல்ஃபேட் என்ற பழைய, சாதாரண ரசாயனத்தைச் சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து ஏற்றினால் காது பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று இதே வகைக் கட்டி உள்ள குழந்தைகளிடம் நடந்த சோதனை காட்டியது. 2018-இல் வெளியானது, 2022-இல் அமெரிக்காவில் அனுமதி. பரவாத திடக் கட்டிகளுக்கு மட்டும்.

செயின்ட் ஜூட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களில் 45 வயதுக்குள் 95 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை வந்துவிடுகிறது என்று இருந்தது. இதயம், நுரையீரல், ஹார்மோன், காது, இரண்டாவது புற்றுநோய். என் மகளுக்கும் இதய எக்கோ எடுத்துக்கொண்டே இருக்கிறோம், இதுவரை சரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவும்போது அவள் என் கையைப் பிடிப்பாள். பதினேழு வயதிலும்.

"குணமாகிவிட்டது" என்ற சொல்லோடு நிதியும் முடிந்துவிடக் கூடாது. இவர்களை நாற்பது, ஐம்பது வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்குப் பணம் வேண்டும்.

17 நவம்பர்

மருந்துகளைக் குழந்தைகளிடமும் சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட முடியாதா என்று கேட்டவருக்கு.

ஒரு உதாரணம். ஏஎல்கே என்ற மரபணு நியூரோபிளாஸ்டோமாவில் கோளாறாகிறது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். அதே ஏஎல்கே-யைத் தடுக்கும் கிரிசோட்டினிப் 2011-இல் பெரியவர்களின் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு ஒரு வகை லிம்போமாவுக்காக அது அனுமதி பெற்றது 2021-இல். பத்து வருடம். பழைய விதிப்படி ஒரு மருந்து எந்த நோய்க்கு என்று எழுதியிருக்கிறதோ அந்த நோய் குழந்தைக்கு வராவிட்டால் குழந்தையிடம் சோதிக்கும் கடமை இல்லை. குழந்தைக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை, முடிந்தது கதை.

அமெரிக்காவில் பெற்றோர் அமைப்புகள் இந்த ஓட்டையைத்தான் பிடித்தன. 2017-இல் நிறைவேறி 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ரேஸ் சட்டம், உறுப்பைப் பார்க்காதே, மருந்து தாக்கும் மூலக்கூறைப் பார் என்கிறது. அந்த மூலக்கூறு குழந்தைப் புற்றுநோயிலும் முக்கியம் என்றால் குழந்தைகளிடமும் ஆராய வேண்டும். அரசு ஒரு டாலர் கூடுதலாகச் செலவழிக்காமல் கதவு திறந்தது. சதவீதம் கேட்டு ஊர்வலம் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

இன்னொன்று, காப்ரியெல்லா மில்லர் என்ற சிறுமி. மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி கட்டி, பத்து வயதில் 2013-இல் இறந்தாள். நோயோடு இருந்தபோதே மற்ற குழந்தைகளுக்காக நிதி திரட்டியவள். அவள் பெயரில் 2014-இல் வந்த சட்டம் பத்து வருடத்துக்கு 12.6 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் எங்கிருந்து? அரசியல் கட்சிகளின் மாநாட்டுச் செலவுக்கு அரசு கொடுத்துவந்த தொகையிலிருந்து. நல்ல கோரிக்கை என்றால் இப்படி இருக்க வேண்டும். எதை நிறுத்தி எதற்குக் கொடுப்பது என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார்கள்.

9 டிசம்பர்

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிளினாட்டுமோமாப் என்ற மருந்தை வைத்து நடந்த சோதனையின் முடிவு வந்திருக்கிறது. என் மகளுக்கு வந்த அதே பி வகை லுக்கீமியா, சாதாரண அபாயப் பிரிவு. வழக்கமான கீமோ மட்டும் எடுத்தவர்களில் மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 87.9 சதவீதம். இந்த மருந்தையும் சேர்த்து எடுத்தவர்களில் 96 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் குழந்தைகளை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரிப்பதையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

இது பெரியவர்களிடம் திரும்பி வந்த லுக்கீமியாவுக்காக 2014-இல் அனுமதி பெற்ற மருந்து. ஆக முதல் நாள் நான் "தானாக வந்து சேராது" என்று எழுதியதும் நிற்கிறது, 3-ஆம் தேதி திருத்தியதும் நிற்கிறது. வந்தது, பத்து வருடம் எடுத்தது, பொதுப் பணத்தில் நடக்கும் குழந்தைப் புற்றுநோய்க் கூட்டமைப்பு இழுத்து வந்தது. 1,400-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஒரே சோதனையில் சேர்க்க ஒரு மருத்துவமனையால் முடியாது.

மூன்றாவது பதில் இதுதான். மருத்துவமனைகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் கட்டமைப்புக்கு, தரவு பதிகிறவர், நர்ஸ், மாதிரிகளைப் பாதுகாக்கும் ஃப்ரீசர் வரைக்கும், வருடா வருடம் அறுபடாத பணம். இதைப் பதாகையில் போட முடியாது, படம் எடுத்தால் அழகாகவும் இருக்காது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். 2011-இல் எங்கள் வார்டில் ரிலாப்ஸ் ஆகி, அதாவது நோய் திரும்பி, வந்த குழந்தைகளின் முகங்களும் கூடவே வருகின்றன.

22 டிசம்பர்

இன்று நல்ல செய்தி பாதி. அமெரிக்காவில் அரிய குழந்தை நோய்களுக்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கும் வவுச்சர் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதை விற்கவும் செய்யலாம். நியூரோபிளாஸ்டோமாவுக்கான டினுடுக்ஸிமாப் என்ற மருந்தின் மூலம் கிடைத்த வவுச்சர் 2015-இல் 35 கோடி டாலருக்கு விற்றது. அந்தத் திட்டம் இரண்டு நாள் முன்பு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிவிட்டது. ஆண்டுக் கடைசிச் செலவு மசோதாவில் குழந்தைப் புற்றுநோய்க்காகச் சேர்த்திருந்த பகுதிகள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. காப்ரியெல்லா மில்லர் நிதியை நீட்டிக்கும் மசோதாவை மட்டும் செனட் தனியாக எடுத்து நிறைவேற்றிவிட்டது. ஆண்டுக்கு 1.26 கோடி டாலர்.

வவுச்சர் சரியான வழியா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. அந்த 35 கோடி ஆராய்ச்சிக்கே திரும்ப வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டினுடுக்ஸிமாப் மருந்தையே பல வருடம் தயாரித்துச் சோதித்தது அரசு நிறுவனம்தான். ஆனால் இது இல்லாமல் சின்ன நிறுவனங்கள் இந்தப் பக்கமே வராது என்று சொல்பவர்களையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

15 பிப்ரவரி 2025

இன்று சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் நாள். கேள்வி கேட்டவர் "அப்படியென்றால் இருக்கிற மருந்தே எல்லோருக்கும் போய்ச் சேரவில்லையே, ஆராய்ச்சிக்கு முன் அதைச் செய்யலாமே" என்று திரும்ப எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, நான் முன்பே தொட்டிருக்க வேண்டும்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியுள்ள நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், வசதியில்லாத நாடுகளில் பல இடங்களில் 30 சதவீதத்துக்கும் கீழே. 2030-க்குள் குறைந்தது 60 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. நான் மேலே எழுதிய மெத்தோட்ரெக்சேட், வின்கிரிஸ்டின், மெர்காப்டோபியூரின், எல்லாமே பல இடங்களில் நின்று நின்றுதான் கிடைக்கின்றன. வசதியான நாட்டிலும் இது நடக்கும். 2019-இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று நிறுத்திக்கொண்டதும் குழந்தைகளின் டோஸ் தள்ளிப்போனது.

ஆனால் முன், பின் என்று பிரிக்க முடியாது. ஒரு நாட்டில் எத்தனை குழந்தைகளுக்கு எந்த வகை, எத்தனை பேர் பாதியில் சிகிச்சையை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று எண்ணுவதும் ஆராய்ச்சிதான். எண்ணாமல் எவ்வளவு மருந்து அனுப்புவது?

நாலு நாள் முன்பு உலக சுகாதார நிறுவனமும் செயின்ட் ஜூடும் சேர்ந்து மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இலவச மருந்துகளை அனுப்பத் தொடங்கியதாக அறிவித்தன. அடுத்து ஈக்வடார், ஜோர்டான், நேபாளம், சாம்பியா. இந்த வருடம் 30 மருத்துவமனைகளாவது, சுமார் 5,000 குழந்தைகள். 4 லட்சத்தில் 5,000.

அடுத்த மாதம் எங்கள் குழு மறுபடி ஒரு அதிகாரியைப் பார்க்கப் போகிறது. இந்த முறை ஒரே பக்கம் எழுதி எடுத்துப் போகிறேன்: மாத்திரை அளவுப் பரிசோதனை, பிழைத்தவர்களைத் தொடர்ந்து பார்க்கும் பதிவேடு, கூட்டுச் சோதனைக்கு ஐந்து வருட நிதி, மருந்துக் கையிருப்பு. மகளும் வருகிறேன் என்கிறாள். அவளையே முதலில் பேசச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.